போர்டு வைத்தால் கிறுக்கலும் உடைப்பும் நிற்குமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பல குடும்பங்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு சின்னப் பூங்கா, அதை ஒட்டி ஒரு படிக்கட்டு, சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை. பெஞ்சில் யாரோ கீறி வைக்கிறார்கள், சுவரில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார்கள், விளக்கை உடைக்கிறார்கள். போர்டு வைப்பதென்று முடிவாகிவிட்டது. அதில் என்ன எழுதலாம், அபராதத் தொகையைப் போடலாமா, உற்றுப் பார்க்கும் கண் படம் போட்டால் பயப்படுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசகம் பற்றிய கேள்வி மாதிரி தெரிந்தாலும் இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம்: ஒரு போர்டால் இந்த வேலை ஆகுமா? ஓரளவுக்கு ஆகும். சில விஷயங்கள் சரியாக இருந்தால் நன்றாகவே ஆகும். தப்பாக வைத்தால் இருந்ததைவிட மோசமாகவும் போகும், பலருக்குத் தெரியாதது இந்தக் கடைசிப் பகுதிதான். பொது இடங்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன், அந்த அனுபவத்தோடு இதைப் பற்றி நடந்த ஆய்வுகளையும் சேர்த்தே சொல்கிறேன். எது ஓரளவு உறுதியானது, எதில் இன்னும் சண்டை நடக்கிறது, எது என் கைப்பழக்கம் மட்டும் என்பதை அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

போர்டை யார் படிக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சேதம் பண்ணுகிறவர் என்று ஒரே மாதிரியான ஆள் கிடையாது. ஊஞ்சல் சங்கிலியை மேல் கம்பியில் சுற்றிவிட்டு ஓடும் பையனுக்கு அது சேதம் என்றே தோன்றாது. சைக்கிளை இளஞ்செடியில் சாய்த்துப் பூட்டுகிறவர் அவசரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். கூட்டாளிகள் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக விளக்கின் மேல் கல் எறிகிறவன், தனியாக வந்தால் எறிய மாட்டான். நிர்வாகத்தின் மேல் இருக்கும் கோபத்தை லிஃப்ட் பட்டனில் காட்டுகிறவர் ஒருவர் எங்கேயும் இருப்பார். அப்புறம், பையில் ஸ்ப்ரே டப்பாவோடு தன் கையெழுத்தைப் பதிக்கவே கிளம்பி வருகிறவன். போர்டு முதல் இரண்டு பேரிடம் நன்றாகப் பேசும், மூன்றாவது ஆளிடம் கொஞ்சம் பேசும், கடைசி இரண்டு பேரிடம் கிட்டத்தட்ட பேசவே பேசாது. அவர்களுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எல்லாப் போர்டுகளும் அந்தக் கடைசி ஆளை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன. அவனை மிரட்டும் வாசகத்தைத் தினமும் படிப்பது யார் என்றால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டியும், ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போகும் சைக்கிள்காரரும்தான்.

இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. முதலாவது, "பலர் இங்கே நாசம் செய்கிறார்கள்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். வருத்தத்தில் எழுதத் தோன்றும், எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்மரங்களுக்கென்றே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் கல்லாகிப்போன மரத்துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது தீராத தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டுவைத்து, இரண்டு விதமான போர்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இதற்கு முன் வந்த பலர் துண்டுகளை எடுத்துப் போனதால் காட்டின் இயல்பே மாறிவிட்டது என்று ஒரு போர்டு புலம்பியது. இயல்பு கெடாமல் இருக்கத் தயவுசெய்து எடுக்க வேண்டாம் என்று இன்னொன்று கேட்டுக்கொண்டது. புலம்பிய போர்டு இருந்தபோது 7.92 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின, கேட்டுக்கொண்ட போர்டு இருந்தபோது 1.67 சதவீதம். காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. புதிய இடத்துக்கு வருகிறவர் அங்கே என்ன பழக்கம் என்று பார்க்கிறார், புலம்பல் போர்டு அந்தப் பழக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. "இந்த வருடம் இத்தனை விளக்குகள் உடைக்கப்பட்டன", "கிறுக்கலைத் துடைக்க இவ்வளவு செலவு" என்று நோட்டீஸ் ஒட்டுவதும் இதே வகைதான். அந்தக் கணக்கைக் குடியிருப்போர் கூட்டத்தில் சொல்லுங்கள், சுவரில் வேண்டாம்.

இரண்டாவது, இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: மீறல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தடைப் பலகை வைக்காதீர்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்தில் கீஸ் கெய்ஸர் என்பவரும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வுகள் 2008-ல் வெளிவந்தன. சைக்கிள் நிறுத்தும் ஒரு சந்து, அங்கே சுவரில் கிறுக்காதீர் என்று ஒரு போர்டு. ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஒரு விளம்பரத் தாளை ரப்பர் பேண்டால் மாட்டிவைத்தார்கள், பக்கத்தில் குப்பைத்தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் தாளைக் கீழே போட்டார்கள், அதே போர்டு அப்படியே இருக்கச் சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம் பேர் போட்டார்கள். இன்னொரு இடத்தில் ஒரு தற்காலிக வேலி. வேலியில் சைக்கிள் பூட்டாதீர், இந்த வழியாகப் போகாதீர் என்று இரண்டு தடைப் பலகைகள். சைக்கிள்கள் வேலியில் பூட்டப்படாமல் தள்ளி நின்றபோது 27 சதவீதம் பேர் புகுந்து போனார்கள், பூட்டப்பட்டிருந்தபோது 82 சதவீதம். ஒரு விதி உடைந்திருப்பதைப் பார்த்தவர் இன்னொரு விதியையும் லேசாக எடுத்துக்கொள்கிறார். அதே குழு 2011-ல் வெளியிட்ட கட்டுரை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது: மீறல் தெரியும் இடத்தில் அதைத் தடை செய்யும் பலகையும் இருந்தால், பலகையே இல்லாமல் இருப்பதைவிட நிலைமை மோசமாகிறது, ஏனென்றால் விதி ஒன்று இருக்கிறது, அதை யாரும் மதிப்பதில்லை என்று அந்தப் பலகை எடுத்துக் காட்டிவிடுகிறது. இந்த 2008 ஆய்வின் புள்ளியியல் முறை பற்றிக் கடுமையான விமர்சனங்கள் பிறகு வந்தன, அதனால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். போக்கு எந்தத் திசையில் என்பதை நான் நம்புகிறேன், தினமும் கண்ணால் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

ஒரு பெஞ்சைக் கிட்டத்தில் குனிந்து பாருங்கள். சாவி நுனியால் கீறிய முதல் பெயரில் மரத்தின் உள்நிறம் வெளிறித் தெரியும், சில வாரத்தில் அதில் அழுக்கேறிக் கறுத்துவிடும். இரண்டாவது கீறல் காலியாக இருக்கும் மறுமூலைக்குப் போகாது, பெரும்பாலும் முதலாவதை ஒட்டியே விழும், சில சமயம் அதற்குப் பதில் சொல்வது போலவே விழும். மூன்றாவது வந்தபிறகு பலகை முழுவதும் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது. அதனால் முதல் கீறலை உப்புத்தாளால் தேய்த்து, மேலே ஒரு பூச்சு கொடுத்து, இரண்டாவது வருவதற்குள் மறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் சுவரைப் பெயின்ட் அடியுங்கள், பெஞ்சைத் தேயுங்கள், விளக்கை மாற்றுங்கள். அதற்கு அப்புறம் போர்டு. பணம் போர்டுக்கும் பெயின்ட்டுக்கும் சேர்த்துப் போதாது என்றால் பெயின்ட் வாங்குங்கள். நியூயார்க் சுரங்க ரயிலில் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் பெட்டிகள் முழுவதும் ஸ்ப்ரே கிறுக்கல். 1984-ல் தொடங்கிய திட்டத்தில், சுத்தம் செய்து வெளியே விட்ட ரயிலில் மறுபடியும் கிறுக்கல் விழுந்தால் துடைக்கும்வரை அதை ஓட்டுவதில்லை என்று உறுதியாக நின்றார்கள், கிறுக்கலோடு ஓடிய கடைசிப் பெட்டி 1989 மே மாதம் சேவையிலிருந்து எடுக்கப்பட்டது. யார்டுகளில் காவலும் வேலியும் பலப்படுத்தப்பட்டதால் துடைத்ததால் மட்டும்தான் நின்றது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பையில் டப்பாவோடு வருகிறவனுக்கு வேண்டியது தன் எழுத்தை நாலு பேர் பார்ப்பது, அது நடக்காதபோது அந்தச் சுவரில் அவனுக்கு வேலை இல்லை. ஒன்றிரண்டு நாளுக்குள் துடைத்துவிடுங்கள் என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது தொனி. இதில் எனக்குத் தெரிந்த மிக நேரடியான சோதனை 1976-ல் பென்னபேக்கர், சாண்டர்ஸ் என்ற இருவர் வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் கழிப்பறைச் சுவர்களில் எழுதாதே என்று கறாராக ஒரு போர்டும், தயவுசெய்து எழுத வேண்டாம் என்று தன்மையாக ஒரு போர்டும் வைத்தார்கள். கீழே கையெழுத்திடுகிறவரின் பதவியையும் மாற்றினார்கள், ஒன்றில் பெரிய அதிகாரி, இன்னொன்றில் சாதாரணப் பொறுப்பில் இருப்பவர். கறார் வாசகமும் பெரிய பதவியும் இருந்த போர்டுகள்தான் அதிகமாகக் கிறுக்கப்பட்டன. தன் சுதந்திரத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர்கள் எதிர்த்துத் தள்ளுவார்கள் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே எழுதியிருந்தார், அதோடு இது பொருந்துகிறது. ஒரே இடத்தில், மாணவர்கள் மத்தியில் நடந்த பழைய சோதனை என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் பதின்ம வயதினர் கூடும் இடத்தில் "எச்சரிக்கை", "கடும் நடவடிக்கை", மூன்று ஆச்சரியக்குறி என்றெல்லாம் போட்ட போர்டு சீக்கிரம் சேதமாவதை நானும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். "கூடாது" என்ற சொல்லை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவைப்பார்கள். அந்த போர்டு அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது.

அபராதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட அது கிடைப்பது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் ஆட்களைத் தடுக்கிறது என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-ல் எழுதினார், அதற்கு அப்புறம் வந்த குற்றவியல் ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. பெரிய தொகையைப் போட்டுவிட்டு ஒரு ஆளிடம்கூட வசூலிக்காத போர்டு, பிடிபட மாட்டாய் என்று சொல்வதற்குச் சமம். வசூலிக்க உங்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குடியிருப்போர் சங்கம் தன்னிஷ்டத்துக்கு அபராதம் போடுவது எல்லா ஊரிலும் செல்லாது, அதை உங்கள் பகுதி விதிகள் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை. அதிகாரமும் இருந்து, நிஜமாகவே வசூலிக்கவும் போகிறீர்கள் என்றால் தொகையைச் சின்ன எழுத்தில் கீழே போடுங்கள், தலைப்பாக வேண்டாம்.

கண் படம்தான் உண்மையில் சந்தேகமான இடம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2006-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைப் பிரபலமாக்கியது. காபி அறையில் அவரவர் காசை அவரவரே பெட்டியில் போட வேண்டும். விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூப் படம், ஒரு வாரம் கண் படம் என்று மாற்றினார்கள். கண் வாரங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பணம் சேர்ந்தது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் சிலர் பிறகு சைக்கிள் திருட்டு நடக்கும் இடங்களில், திருடர்களே உங்களைக் கவனிக்கிறோம் என்ற வாசகத்தோடு கண் படப் போர்டு வைத்தார்கள். வைத்த இடங்களில் திருட்டு 62 சதவீதம் குறைந்தது, வைக்காத இடங்களில் 65 சதவீதம் கூடியது. அதாவது திருட்டு நகர்ந்து போயிருக்கிறது. அதற்கு அப்புறம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்: தாராளமாகக் கொடுக்க வைப்பதில் கண் படத்துக்குப் பலன் இல்லை என்று ஒரு தொகுப்பு, தப்புத்தண்டாவைக் குறைப்பதில் பலன் இருக்கிறது என்று இன்னொன்று. என் கருத்தைக் கேட்டால், ஆள் எப்போதாவது வந்து போகும் சைக்கிள் கொட்டகையில் முயன்று பார்க்கலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை. தினமும் அதே ஆட்கள் உட்காரும் பூங்காவில் வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் யாரோ முறைத்துக்கொண்டே இருப்பது நன்றாக இல்லை, பழகிப்போனதும் யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை. கேமரா இல்லாமல் "கேமரா கண்காணிப்பில் உள்ளது" என்று எழுதவே எழுதாதீர்கள். ஒரு சம்பவம் நடந்து பதிவைக் கேட்கும் அன்றைக்கு உங்கள் மற்ற எல்லாப் போர்டுகளும் பொய்யாகிவிடும், கேமராவை நம்பி அந்தப் பக்கம் தனியாக நடந்தவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். நிஜக் கேமராகூட வாகன நிறுத்தங்களில்தான் நன்றாகப் பலன் தந்திருக்கிறது, மற்ற இடங்களில் பலன் குறைவு.

சரி, பிறகு என்னதான் எழுதுவது? இது பெரும்பாலும் என் கைப்பழக்கம், ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இடத்தில், அந்தப் பொருளுக்கு மட்டும் பேசுங்கள். வாசலில் பன்னிரண்டு விதிகளோடு ஒரு பெரிய பலகை வைத்தால் அதை யாரும் படிப்பதில்லை. செடியின் பக்கத்தில், "சைக்கிளைச் செடியில் சாய்க்க வேண்டாம், கொட்டகை இடதுபுறம் பத்தடியில்" என்றால் அவசரக்காரருக்கு என்ன செய்வது என்று தெரிந்துவிடுகிறது. வேண்டாம் என்பதோடு மாற்று வழியையும் காட்டும் போர்டுகளைத்தான் மக்கள் கேட்கிறார்கள். ஊஞ்சலுக்குச் சின்னப் படம் போதும், அதைக் குழந்தையின் கண் உயரத்தில் வையுங்கள், பெரியவர்களின் கண் உயரத்தில் வைத்துப் பயனில்லை. படிக்கட்டு விளக்குக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இரவில் படியேறி வருகிறவர்களுக்கு இந்த ஒரு விளக்குதான். எரியவில்லை என்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், இரண்டு நாளில் மாற்றுகிறோம்." இதில் தடை எதுவும் இல்லை. காரணம் இருக்கிறது, ஒரு வாக்குறுதி இருக்கிறது, ஒழுங்காக இருக்கும் பெரும்பாலான ஆட்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. உடைந்தால் உடனே உங்களுக்குத் தெரியவும் வருகிறது. ஆனால் இரண்டு நாளில் மாற்ற முடியாது என்றால் இந்த வரியை எழுதாதீர்கள். ஒரு வாரம்தான் முடியும் என்றால் ஒரு வாரம் என்றே போடுங்கள்.

பொருள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் செருகி டேப் ஒட்டிய கம்ப்யூட்டர் பிரின்ட், மழைத்தண்ணீர் இறங்கி, மை பரவி, ஒரு மூலை கிழிந்து தொங்கும்போது இந்த இடத்தைக் கவனிக்க ஆள் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அலுமினியத் தகட்டில் அச்சடித்து, சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்ற முடியாத திருகு போட்டு, மேலே துடைத்தால் போகும்படி ஒரு தெளிவான பூச்சு கொடுங்கள். எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும். ஒரே பார்வையில் ஐந்தாறு தடைப் பலகைகள் தெரிந்தால் இங்கே ஏதோ பிரச்சினை என்றுதான் வருகிறவருக்குத் தோன்றும். போர்டைக் கட்டாயம் மாத்திரை அட்டை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், காலாவதித் தேதி அதற்கும் உண்டு.

போர்டால் ஆகாதவை என்று ஒரு பெரிய பகுதி இருக்கிறது, உங்கள் இடத்தைப் பார்க்காமல் அதில் உறுதியாகச் சொல்ல முடியாது. இருட்டான மூலை, எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாத சுவர், பகலில்கூட யாரும் போகாத பின்புறப் படி, இவற்றுக்கு வாசகத்தால் ஒன்றும் ஆகாது. தங்கள் இடம் என்று குடியிருப்பவர்களுக்குத் தோன்றும்படியும், அவர்கள் கண்ணில் படும்படியும் கட்டப்பட்ட இடங்கள் தப்பிக்கின்றன என்று கட்டிடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972-ல் எழுதிய வாதத்தில் எல்லா விவரங்களையும் எல்லோரும் ஏற்கவில்லை, ஆனால் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் யோசிக்கிறார்கள். ஸ்ப்ரே விழும் சுவருக்கு இரண்டு வகைப் பூச்சு உண்டு. ஒன்று மெழுகு வகை, கிறுக்கலோடு சேர்ந்து கழுவிப் போய்விடும், மறுபடி பூச வேண்டும். இன்னொன்று பாலியூரிதேன் வகை, கிறுக்கலை மட்டும் கரைப்பானால் துடைக்கலாம், பூச்சு நிற்கும், ஆனால் விலை அதிகம், பழைய சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் ஈரம் உள்ளே தங்கிவிடும். நிர்வாகத்தின் மேல் கோபமாக இருப்பவரிடம் போய்ப் பேசுவதைத் தவிர வழி இல்லை. விளக்கில் கல் எறியும் பையன்கள் ராத்திரி உட்கார வேறு இடம் இருக்கிறதா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். இருக்கும் ஒரே பெஞ்சிலிருந்தும் அவர்களைத் துரத்திக்கொண்டே இருந்தால், அந்தப் பெஞ்சைக் காப்பாற்ற அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

கடைசியாக, வைத்த போர்டு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது. வைப்பதற்கு முன் ஒரு மாதம், வாரம் ஒரு நாள் அதே நேரத்தில் நடந்து போய் புதிய கீறல், புதிய கிறுக்கல், எரியாத விளக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், சரிசெய்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். வைத்தபிறகு இரண்டு மூன்று மாதம் அதையே தொடருங்கள். போர்டு இல்லாத பக்கத்து இடங்களையும் சேர்த்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் கொட்டகையிலிருந்து படிக்கட்டுக்கு நகர்ந்துபோன சேதத்தைக் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். எண்ணிக்கை இறங்கி, பல மாதம் அப்படியே இருந்தால் தடைப் பலகைகளைக் கழற்றிவிடலாம், விளக்குப் பக்கத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை மட்டும் விட்டுவையுங்கள். எண் மாறினால் அன்றைக்கே மாற்றுங்கள்.